வீட்டிலிருந்த குற்றம்

"இத்தனை வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

உத்தியோகத்துக்கு மனுப் போட்டுவிட்டு எதிரே வந்து நிற்கும் ஒரு பெண்ணைப் பார்த்து இப்படிக் கேட்கிறார்கள். கேட்கிற மனிதர் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறார். அன்று காலை அவர் கண் விழித்தபோது காபி வந்திருக்கிறது. குளித்துவிட்டு வந்தபோது சலவைச் சட்டை காத்திருந்திருக்கிறது. அவருடைய பிள்ளைகள் தலை வாரிக்கொண்டு சாப்பாட்டு டப்பாவோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறார்கள். அவருக்குப் படுத்த படுக்கையாக ஒரு தாயார் இருந்தால், அந்த அம்மாளுக்கு வேளை தவறாமல் மருந்தும் கஞ்சியும் போயிருக்கிறது. இதெல்லாம் தானாக நடந்துவிட்டது என்று நினைக்கிறார் போலும். இல்லாவிட்டால் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு வாய் வந்திராது.

எந்தப் பெண்ணிடம் கேட்டாலும் இது அபத்தமான கேள்விதான். ஆனால் ஒரு நர்ஸிடம் கேட்கிறபோது அபத்தம் என்ற வார்த்தை போதாது. கணக்கு எழுதுகிறவள் பத்து வருஷம் வீட்டிலிருந்தால் கணக்கு மறந்து போயிருக்கலாம். நர்ஸ் வீட்டிலிருந்த பத்து வருஷத்தில் என்ன செய்தாள்? குழந்தையின் காய்ச்சலுக்கு விடிய விடிய ஈரத்துணி போட்டாள். மாமனாரின் சர்க்கரைப் புண்ணைக் கழுவிக் கட்டினாள். அண்டை வீட்டுக்காரி மயங்கி விழுந்தபோது ஓடிப்போய் நாடி பார்த்தாள். எந்த வேலைக்கு மனுப் போட்டிருக்கிறாளோ அதே வேலையைச் சம்பளமில்லாமல், ஷிப்டு இல்லாமல், ஞாயிற்றுக்கிழமை இல்லாமல் செய்துகொண்டிருந்தாள். அதற்கு இவர்கள் வைத்திருக்கிற பெயர் 'கேப்'. பல் விழுந்த இடத்தைச் சொல்லுகிற மாதிரி!

இந்த 'கேப்'பைக் காரணம் காட்டி, கையில் தொழில் வைத்திருக்கிற பெண்களை வாசலோடு திருப்பி அனுப்புகிறார்கள். அல்லது உள்ளே விட்டு, நேற்றுப் படித்துவிட்டு வந்த பெண்ணின் கூலிக்கு மாரடிக்க வைக்கிறார்கள். இரண்டும் அநியாயம் என்பது என் கட்சி. அந்தப் பெண்களுக்கு மட்டும் செய்கிற அநியாயமானால்கூட நம் ஊரில் நாலு பேர் கேட்டுவிட்டு மறந்துபோவார்கள். இது கட்டிலில் படுத்திருக்கிறவனுக்கும் செய்கிற அநியாயம். அந்தக் கட்டிலில் நாளைக்கு நீங்களோ நானோ படுக்கப் போகிறோம்.

எங்கள் கருவடிக்குப்பத்தைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்கு இரண்டு சங்கதி தெரிந்திருக்கும். ஒன்று, சித்தானந்த சுவாமிகள் கோயில். மற்றொன்று, பாரதியார் புதுச்சேரியில் வாழ்ந்த 1908 முதல் 1918 வரையிலான காலத்தில் வந்து உட்கார்ந்து 'குயில் பாட்டு'க்குப் பொருள் கண்டார் என்று சொல்லப்படுகிற தோப்பு. மூன்றாவதாக நான் ஒன்று சொல்லுகிறேன். இது ஆஸ்பத்திரிகளுக்கு நடுவே இருக்கிற ஊர். கோரிமேட்டில் ஜிப்மர்; கதிர்காமத்தில் 2010இல் தொடங்கிய இந்திரா காந்தி மருத்துவக் கல்லூரி; டவுனுக்குள்ளே அரசுப் பொது ஆஸ்பத்திரி; இடையிடையே எண்ணித் தீராத தனியார் ஆஸ்பத்திரிகள். வைத்தியம் புதுச்சேரிக்குப் புதிதுமல்ல. 1823இலேயே பிரெஞ்சுக்காரர்கள் இங்கே வைத்தியப் பள்ளிக்கூடம் திறந்துவிட்டார்கள். அந்த வழியில் வந்ததுதான் 1956இன் தன்வந்திரி மருத்துவக் கல்லூரி. 1964இல் அது ஜிப்மர் ஆயிற்று. ஆகவே எங்கள் பக்கத்தில் நர்ஸ் இல்லாத தெரு அபூர்வம். காலை ஏழு மணிக்குத் தெருமுனையில் நின்றால் ராத்திரி டூட்டி முடிந்து கண் சிவந்து வருகிற பெண்களையும், பகல் டூட்டிக்கு ஸ்கூட்டரில் பறக்கிற பெண்களையும் ஒரே சமயத்தில் பார்க்கலாம்.

தெருமுனையில் நின்றால் தெரியாத நர்ஸுகளும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குள்ளே இருக்கிறார்கள். எங்கள் தெருவில் அப்படி ஓர் அம்மாள் உண்டு. பெயர் வேண்டாம், தெருவில் சின்னவர், பெரியவர் எல்லோருக்கும் அவர் 'நர்ஸக்கா'. டிப்ளமா படித்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆறு வருஷம் வேலை பார்த்தவர். இரண்டாவது குழந்தை பிறந்தபோது வேலையை விட்டார். குழந்தை நடக்க ஆரம்பித்த சமயத்தில் மாமியாருக்குப் பக்கவாதம் வந்தது. நாலு வருஷம் அந்தக் கிழவி படுக்கையில் கிடந்தாள். நாலு வருஷத்தில் முதுகில் ஒரு புண் வரவில்லை. இதன் அர்த்தம் வைத்தியம் தெரிந்தவர்களுக்குப் புரியும். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், பகலென்றும் ராத்திரியென்றும் பாராமல், அசைய மாட்டாத ஓர் உடம்பைப் புரட்டிப் படுக்க வைத்திருக்கிறார் என்று அர்த்தம். எந்த ஆஸ்பத்திரி வார்டிலாவது நாலு வருஷம் ஒரு படுக்கைப்புண் வராமல் பார்த்துக்கொண்டால், அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டி வைத்திருப்பார்கள்.

மாமியார் போன பிறகு, பதினொரு வருஷம் கழித்து, நர்ஸக்கா ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்கு வேலை கேட்டுப் போனார். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமில்லை.

"கேப் இருக்கே, மேடம்" என்றார்களாம்.

"ஆமாங்க. மாமியாருக்கு முடியாம இருந்துச்சு."

"உங்க பழைய அனுபவத்தை எடுத்துக்க முடியாது. டிரெயினியா சேர்ந்துக்குங்க. ஆறு மாசம் பார்த்துட்டுச் சம்பளம் பேசலாம்."

சரியென்று சேர்ந்தார். இருபத்திரண்டு வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கிற சம்பளம்தான் அவருக்கும். அதுவாவது போகட்டும். மூன்றாம் நாளே ராத்திரி டூட்டியில் ஒரு வார்டு முழுவதையும் அவர் தலையில் கட்டினார்கள். ஏனென்று கேட்டதற்கு, "நீங்க அனுபவசாலிதானே, பார்த்துக்க மாட்டீங்களா?" என்று பதில். சம்பளப் பட்டியலில் அவர் டிரெயினி. ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அவர் சீனியர். ஒரே ஆளை இரண்டு விலைக்கு நிறுத்துப் பார்க்கிற இந்தத் தராசை நான் வேறு எந்த வியாபாரத்திலும் கண்டதில்லை. ஐந்தாவது மாதம் அவர் நின்றுவிட்டார். இப்போது அவருடைய கணக்கில் இரண்டு 'கேப்' ஆயிற்று.

தனி ஒருத்தியின் கதையைச் சொல்லி அனுதாபம் தேடுகிறேன் என்று யாரும் சொல்ல வேண்டாம். தேசத்தின் கணக்கையே பார்ப்போம். இந்தியாவின் மருத்துவ ஊழியர்களைப் பற்றி 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு, இருக்கிற நர்ஸுகள் எத்தனை பேர், வேலையில் இருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது. ஏட்டின்படி பத்தாயிரம் ஜனங்களுக்கு 17.7 நர்ஸ், மருத்துவச்சிகள். நிஜமாகவே வேலை பார்க்கிறவர்கள் 10.6. தகுந்த படிப்புள்ளவர்களை மட்டும் எண்ணினால் 6. ஏட்டுச் சுரைக்காயைக் கறி சமைத்துப் பந்தி போடுகிறோம் என்று இதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. மறைந்த ஏழு பேரும் வீட்டில்தான் இருக்கிறார்கள் என்று நான் சாதிக்க மாட்டேன். கடல் கடந்து போனவர்கள் உண்டு. காலமானவர்கள் பெயரும் ஏட்டில் தங்கியிருக்கும். வேறு தொழிலுக்குப் போனவர்களும் இருப்பார்கள். ஆனால் எங்கள் தெருவிலும் உங்கள் தெருவிலும் அடுப்படியில் நிற்கிற நர்ஸுகளும் அந்த ஏழில் சேர்த்திதான். உலகத்துக்கு 2023இல் 58 லட்சம் நர்ஸுகள் குறைவாக இருந்தார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2025இல் கணக்குச் சொல்லிற்று. இந்த நிலையில், படித்த நர்ஸைப் பார்த்து "நீ பழசாகிவிட்டாய்" என்று சொல்லுகிற திமிர் நமக்கு எங்கிருந்து வந்தது?

அவர்கள் ஏன் வேலையை விட்டுப் போனார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். "கல்யாணமாயிற்று, குழந்தை பிறந்தது, போய்விட்டாள்" என்று சொல்லுவது சுலபம். மழை பெய்தது, நதி பெருகிற்று என்கிற மாதிரி ஏதோ இயற்கைக் காரியம் போல ஒலிக்கிறது. இயற்கை இதில் கொஞ்சம்தான். மீதி மனிதர்கள் செய்தது.

ராணுவ நர்ஸிங் பணியில் ஸெலினா ஜான் என்று ஒரு லெப்டினன்ட் இருந்தார். 1988இல் அவர் கல்யாணம் செய்துகொண்டார். கல்யாணம் செய்துகொண்ட குற்றத்துக்காக அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். அப்படி அனுப்பலாம் என்று 1977ஆம் வருஷத்து ராணுவ உத்தரவு ஒன்று சொல்லிற்று. அது பெண் நர்ஸுகளுக்கு மட்டும்தான். அவர் மணந்துகொண்டதும் ஒரு ராணுவ அதிகாரியைத்தான். மாப்பிள்ளையின் உத்தியோகத்துக்கு அந்தக் கல்யாணத்தால் ஒரு கீறலும் விழவில்லை! 1995இல் அந்த உத்தரவு ரத்தாயிற்று. ஆனால் அந்த அம்மாளுக்கு நியாயம் கிடைக்க 2024 பிப்ரவரி வரை ஆயிற்று. பெண் கல்யாணம் செய்துகொண்டாள் என்பதற்காக வேலையைப் பறிப்பது அப்பட்டமான பாரபட்சம் என்று சுப்ரீம் கோர்ட் கண்டித்து, 60 லட்ச ரூபாய் நஷ்டஈடு கொடுக்கச் சொல்லிற்று. 36 வருஷம்! 60 லட்சத்தை எண்ணிக் கொடுத்துவிடலாம். அந்த 36 வருஷத்தில் அவர் பார்த்திருக்க வேண்டிய நோயாளிகளை யார் எண்ணுவது?

அது ராணுவம், எழுதி வைத்துத் துரத்தினார்கள். நம் ஆஸ்பத்திரிகள் எழுதாமல் துரத்துகின்றன. பிரசவ விடுமுறையை 12 வாரத்திலிருந்து 26 வாரமாக்கி 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றும் அதில் விதி வைத்தார்கள். 2020ஆம் வருஷத்துச் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பும் அதைச் சொல்லுகிறது. நல்ல விதி. எந்தக் காப்பகம் ராத்திரி எட்டு மணிக்குத் திறந்திருக்கிறது? நர்ஸின் குழந்தைக்கு ராத்திரி கிடையாதா? தாலி கட்டியவன் "ராத்திரி டூட்டி வேண்டாம்" என்கிறான். ஆஸ்பத்திரி "ராத்திரி டூட்டி இல்லாவிட்டால் நீ வேண்டாம்" என்கிறது. சம்பளமோ, அந்தக் கதையையும் கேளுங்கள். சுப்ரீம் கோர்ட் சொல்லி 2016இல் ஒரு கமிட்டி உட்கார்ந்து, 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் ஆஸ்பத்திரிகள் அரசாங்க நர்ஸுக்குச் சமமாகக் கொடுக்க வேண்டும், 50 படுக்கைக்குக் குறைந்த சின்ன ஆஸ்பத்திரியானாலும் மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்று எழுதியது. அந்தக் காகிதத்தை எத்தனை முதலாளிகள் படித்தார்கள் என்பதை நர்ஸுகளின் வீட்டில் போய்க் கேட்டால் தெரியும். வாங்குகிற சம்பளம் குழந்தையைப் பார்த்துக்கொள்கிற ஆயாவுக்கே சரியாகப் போகும் என்றால், கணக்குத் தெரிந்த எந்தப் பெண்ணும் வீட்டில்தான் இருப்பாள். அப்புறம் நாம் கேட்கிறோம்: "இத்தனை வருஷமாக என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?"

இனி எதிர்க்கட்சிக்காரர்களின் வாதத்துக்கு வருகிறேன். அவர்கள் சொல்லுவதில் பாதி நியாயம் உண்டு. வைத்தியம் நாளுக்கு நாள் மாறுகிறது. பத்து வருஷம் வார்டுப் பக்கமே வராதவளை நம்பி நோயாளியை எப்படி ஒப்படைப்பது என்கிறார்கள். வாஸ்தவம். நான் வைத்தியம் படித்தவனல்லன். கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்லுகிறேன். இதயம் நின்றவனுக்கு முன்பெல்லாம் மூச்சு வழியைத் திறப்பது முதல் வேலை என்று சொல்லிக்கொடுத்தார்கள். 2010இல் அமெரிக்க இருதயச் சங்கம் அந்த வரிசையை மாற்றி, மார்பை அழுத்துவதை முதலில் வைத்தது. ஆஸ்பத்திரிக் குப்பையை எந்த நிறப் பையில் போடுவது என்பதற்கு 2016இல் புது விதி வந்தது: மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம். பழைய நோட்டுப் புத்தகம் போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. சொட்டு மருந்தைக் கண்ணால் எண்ணிய இடத்தில் பம்ப் எண்ணுகிறது. 2009இல் வீட்டுக்குப் போனவள் இன்று நேராக வார்டுக்குள் நுழைந்தால் தடுமாறத்தான் செய்வாள். தடுமாறுகிற இடம் உயிர் சம்பந்தப்பட்ட இடம். இதை மறைத்துப் பேசுவது பெண்களுக்குச் செய்கிற உபகாரம் ஆகாது.

ஆனால் இந்த வாதத்தின் முடிவு என்ன? "ஆகையால் அவளுக்குச் சொல்லிக்கொடு" என்பதுதானே முடிவாக இருக்க வேண்டும்? "ஆகையால் அவள் வேண்டாம்" என்று எப்படி முடிகிறது? அதைவிட வேடிக்கை, "ஆகையால் அவளைக் குறைந்த சம்பளத்துக்கு எடுத்துக்கொள்" என்று முடிவது. கைத்திறமை துருப்பிடித்தது நிஜமானால், துருப்பிடித்த கையைச் சல்லிசாக வாங்கி நோயாளி மேல் வைப்பது எந்தத் தர்மத்தில் சேர்ந்தது? நோயாளியின் பத்திரத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தவர்கள் சம்பளப் பேச்சு வந்ததும் அதை மறந்துபோகிறார்கள் என்றால், ஆரம்பத்திலேயே அவர்களுடைய கவலை எதைப் பற்றியது என்று விளங்கிவிடுகிறது.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். மூன்று வருஷத்தில் 450 மணி நேரமாவது தொழில் செய்திருந்தால்தான் நர்ஸ் தன் பதிவைப் புதுப்பிக்கலாம். அப்படிச் செய்யாமல் பதிவு போனவள் திரும்பி வர வேண்டுமானால், தொழிலுக்குத் திரும்புகிறவர்களுக்கென்றே உள்ள படிப்பைப் படிக்க வேண்டும். அல்லது திறமைப் பரீட்சை எழுதித் தேற வேண்டும். அந்தப் படிப்பில் பாடமும் உண்டு, வார்டில் மேற்பார்வையில் வேலையும் உண்டு. 2014இல், வீட்டுக்குப் போன நர்ஸுகளே திரும்பி வாருங்கள் என்று பிரசாரமே செய்தார்கள். கவனியுங்கள்: விதி கண்டிப்பானது. எங்கள் தெரு நர்ஸக்கா அங்கே இருந்திருந்தால் அவரையும் படித்துவிட்டு வா என்றுதான் சொல்லியிருப்பார்கள். ஆனால் கதவு எங்கே இருக்கிறது, எத்தனை படி ஏற வேண்டும் என்று எழுதிப் போட்டிருக்கிறார்கள். நம் ஊரில் கதவே இல்லாத சுவரைக் காட்டி, "முட்டிப் பார்" என்கிறோம். நம்முடைய நர்ஸிங் கவுன்சில் பதிவைப் புதுப்பிக்க ஐந்து வருஷத்துக்கு 150 மணி நேரம் தொடர்கல்வி வேண்டும் என்றது. நல்லதுதான். மண்டபத்தில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்பதால் மூளைக்குப் புது விஷயம் போகும், கைக்குப் போகாது. நீச்சலைத் தண்ணீரில்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். வார்டில், கட்டில் பக்கத்தில், கூட ஒரு மூத்த நர்ஸ் நின்று கற்றுத்தருகிற படிப்புக்கு "இன்ன தேதி வந்து சேரலாம், இத்தனை வாரம், இவ்வளவு படிப்பணம்" என்று ஓர் அறிவிப்பை உங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரி வாசலில் நீங்கள் கண்டதுண்டா?

"இங்கிலாந்து பணக்கார தேசம், நமக்கு அதெல்லாம் கட்டுமா?" என்று உடனே ஒருவர் எழுந்திருப்பார். அவருக்காக நம் தேசத்திலிருந்தே ஓர் உதாரணம் தருகிறேன். குடும்பத்துக்காக ஆராய்ச்சியை நிறுத்திய பெண் விஞ்ஞானிகள் திரும்பி வருவதற்கென்று மத்திய அரசின் விஞ்ஞான, தொழில்நுட்பத் துறை 2002-03இலேயே ஒரு திட்டம் தொடங்கி, படிப்பணம் கொடுத்து அவர்களை அழைத்துக்கொண்டது. ரொம்ப சந்தோஷம். ஆராய்ச்சிக்கூடத்துக் கண்ணாடிக் குழாயை விட்டுப் போனவள் திரும்பி வந்தால் தேசத்துக்கு லாபம் என்று புரிந்த அரசாங்கத்துக்கு, ஆஸ்பத்திரிக் கட்டிலை விட்டுப் போனவள் திரும்பி வந்தாலும் லாபம்தான் என்று ஏன் புரியவில்லை? விஞ்ஞானியின் 'கேப்' தியாகம். நர்ஸின் 'கேப்' குற்றம். டாக்டர் பட்டம் வாங்கிய பெண்ணுக்கும் டிப்ளமா வாங்கிய பெண்ணுக்கும் குழந்தை பத்து மாதத்தில்தான் பிறக்கிறது.

வயதைப் பற்றி ஒரு வார்த்தை. எய்ம்ஸ் ஆஸ்பத்திரிகளுக்கு நர்ஸுகளைத் தேர்ந்தெடுக்க 2020 முதல் நடக்கிற பொதுப் பரீட்சைக்குப் பொதுப் பிரிவில் 30 வயது என்று எல்லை கட்டினார்கள். சலுகைப் பிரிவுகளுக்கு அதிலிருந்து சில வருஷம் கூட. இந்த 30ஐ யார் கண்டுபிடித்தார்கள் என்று எனக்கு ஆச்சரியம். பெண் படிப்பை முடிக்கிறபோது வயது 21 அல்லது 22. ஒன்றிரண்டு வருஷம் வேலை, கல்யாணம், இரண்டு பிரசவம். இளைய குழந்தை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்து, அம்மா ஒரு மூச்சு விட்டுத் திரும்பிப் பார்க்கிறபோது அவளுக்கு முப்பத்திரண்டோ முப்பத்திநாலோ ஆகியிருக்கும். சரியாக அந்த நேரத்தில் கதவைச் சாத்தியிருக்கிறார்கள். இவ்வளவு பொருத்தமாக ஒரு பெண்ணின் ஜாதகத்தைப் பார்த்து எல்லை கட்ட ஜோசியனாலும் ஆகாது. அறுபது வயதில் ஓய்வு என்றால் அவளுக்கு இன்னும் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் சேவை பாக்கி இருக்கிறது. அதிலும் இனிமேல் பிரசவ விடுமுறை கேட்க மாட்டாள். லாப நஷ்டம் பார்க்கிறவர்கள்கூட யோசிக்க வேண்டிய சங்கதி.

2016இல் மத்திய அரசு 'ஸ்டாப் நர்ஸ்' என்ற பெயரை மாற்றி 'நர்ஸிங் ஆபீஸர்' என்று வைத்தது. பெயர் பெரிதாயிற்று, கதவு அதே அகலம்தான். தமிழில் நாம் 'செவிலியர்' என்கிறோம். அழகான வார்த்தை. பழைய அகப்பாட்டில், காதலனோடு போய்விட்ட பெண்ணைத் தேடிப் பாலை வழியில் நடக்கிறவள் செவிலித்தாய். இந்தக் காலத்துச் செவிலி வீட்டை விட்டு வெளியே வந்தால் அவளைத் தேடத்தான் ஒருவருமில்லை.

சினிமாவும் அப்படித்தான். 1961இல் வந்த 'பாலும் பழமும்' படத்தை இன்றைக்கும் பார்த்துக் கண்ணீர் விடுகிறவர்கள் உண்டு. டாக்டரை மணந்துகொண்ட நர்ஸ், நோய்வாய்ப்பட்டு வீட்டை விட்டுப் போகிறாள். பிற்பாடு நர்ஸாகவே திரும்பி வருகிறாள். யாருக்குப் பணிவிடை செய்ய? பார்வை இழந்த தன் கணவனுக்கே. நம் ரசிகர்களுக்கு அது உச்சகட்டம். நர்ஸ் தொழிலுக்குத் திரும்பலாம். ஆனால் புருஷனுக்காகத் திரும்ப வேண்டும்! சம்பளத்துக்காகவும் சொந்தத் திறமைக்காகவும் ஒரு நர்ஸ் திரும்பி வருகிறாள் என்று கதை எழுதினால், அதில் கண்ணீருக்கு இடமெங்கே என்று கேட்பார்கள். இடமிருக்கிறது. எங்கள் தெருவுக்கு வரட்டும், காட்டுகிறேன்.

கடைசியாக ஒரு வாதம். மற்றவற்றைவிட இதுதான் எனக்கு முக்கியம். "சின்னப் பெண்கள் ஆயிரக்கணக்கில் வேலையில்லாமல் நிற்கிறார்கள். பழையவர்கள் வேறு திரும்பி வந்து அவர்கள் சோற்றில் மண் போட வேண்டுமா?" என்கிறார்கள். கேட்பதற்கு ரொம்பவும் தயாளமான வாதம். சின்னப் பெண்கள் மேல் இவர்களுக்கு இருக்கிற பிரியத்தை நாம் பார்த்திருக்கிறோம். தமிழ்நாட்டில் 2015இல் பரீட்சை எழுதித் தேறி வந்த நர்ஸுகளை மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் வைத்திருந்தார்கள். 2017 நவம்பரில் அந்தப் பெண்கள் சென்னையில் மருத்துவத் துறை வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனா வந்த 2020இல் அவசர அவசரமாக எடுத்துக்கொண்டவர்களில் இரண்டாயிரம் பேருக்கு மேல் 2022 டிசம்பர் 31ஆம் தேதியோடு வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கைதட்டி, விளக்கேற்றி, பூத்தூவி வணங்கிய தேசம்தான்! சின்னவர்களுக்கு வேலை இல்லாததற்குக் காரணம் பெரியவர்கள் அல்லர். போதிக்கிற ஆஸ்பத்திரியில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்ற ஆஸ்பத்திரியில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்று நர்ஸிங் கவுன்சில் அளவு சொல்லியிருக்கிறது. உங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் ராத்திரி ஒரு வார்டுக்குள் போய்க் கட்டில்களை எண்ணுங்கள். கட்டிலுக்கு நடுவே கீழே பாய் போட்டுப் படுத்திருக்கிறவர்களையும் எண்ணுங்கள். பிறகு நர்ஸை எண்ணுங்கள். அந்த அளவுப்படி ஆள் போட்டால் சின்னவர்களுக்கும் இடமுண்டு, திரும்பி வருகிறவர்களுக்கும் இடமுண்டு. ஒரு நாற்காலியைப் போட்டுவிட்டு, மகளையும் தாயையும் அதற்காகச் சண்டை போடச் சொல்லுகிறவர்கள் இரண்டு பேருக்கும் வேண்டியவர்கள் அல்லர்.

அப்படியானால் என்னதான் செய்யச் சொல்லுகிறாய் என்று கேட்டால், பெரிதாக ஒன்றுமில்லை. புதுச்சேரியையே எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய அரசின் ஆஸ்பத்திரி ஒன்றும், புதுச்சேரி அரசின் ஆஸ்பத்திரிகளும், நர்ஸிங் கல்லூரிகளும் ஒரு சைக்கிள் மிதிக்கிற தூரத்துக்குள் இருக்கிற ஊர் இது. வருஷத்தில் இரண்டு தடவை, மூன்று அல்லது நாலு மாதப் படிப்பு ஒன்று நடத்தட்டும். பாதி வகுப்பில், பாதி வார்டில். கூட நின்று கற்றுத்தருகிற மூத்த நர்ஸுக்கு அதற்கென்று ஒரு படி. படிக்க வருகிறவளுக்கும் படிப்பணம். கைக்குழந்தையை ஒருவரிடம் விட்டுவிட்டு வருகிறவள் அந்த ஒருவருக்குக் கொடுக்கவாவது அது வேண்டும். முடிவில் கண்டிப்பான பரீட்சை. தேறாதவளை அனுப்பிவிடுங்கள், நான் வக்காலத்து வாங்க மாட்டேன். தேறியவளுக்கு வயது வரம்பைத் தளர்த்துங்கள். புதிதாக ஒரு நர்ஸைப் பட்டப்படிப்பில் உருவாக்க நாலு வருஷம் ஆகிறது என்பதை நினைத்துக்கொண்டு செலவுக் கணக்கைப் போடுங்கள். ராத்திரி டூட்டிக்காரியின் குழந்தை தூங்க ராத்திரியில் திறந்திருக்கிற ஓர் அறை வேண்டும். காலை பத்து மணிக்குத் திறந்து மாலை ஐந்துக்குப் பூட்டுகிற தொட்டில் அறை ஆபீஸ் குமாஸ்தாக்களுக்குத்தான் உதவும்.

இன்னும் ஒன்று, சின்ன விஷயம் போலத் தோன்றும். பழைய அனுபவத்துக்குச் சர்டிபிகேட் கொண்டு வா என்கிறார்கள். பத்து வருஷத்துக்கு முன்னால் வேலை பார்த்த ஆஸ்பத்திரி கை மாறியிருக்கும்; மூடியே போயிருக்கும்; சொல்லாமல் நின்றவளுக்கு எழுதித் தர மாட்டோம் என்று அப்போதே கைவிரித்திருக்கும். அந்தக் காகிதம் இல்லாததால் ஆறு வருஷ உழைப்பு ஆவியாகிவிடுகிறது. இப்போது ஒவ்வொரு நர்ஸுக்கும் தேசிய அடையாள எண் ஒன்று கொடுத்து, கம்ப்யூட்டரில் பதிவு வைக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள். எண் கொடுக்கத் தெரிந்தவர்களுக்கு, அந்த எண்ணுக்கு நேரே எந்த ஆஸ்பத்திரியில், எந்த வார்டில், எத்தனை வருஷம் என்று அவள் வேலையில் இருக்கும்போதே எழுதி வைக்கவும் முடியும். ஆஸ்பத்திரி மூடினாலும் அது மூடாது. சம்பளம் பேசுகிறபோது மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறவர் அந்த வரியைப் படித்துவிட்டுப் பேசட்டும்.